அத்தியாயம் 6: குஞ்சின் குடல் நலமும் தீவனச் சேர்க்கைகளும்

இயந்திரத்தில் பொரித்த குஞ்சுகளை வாங்கி வந்து இறக்குகிறோம். முதல் இரண்டு நாள் துறுதுறுவென்று ஓடுகின்றன. மூன்றாம் நாள் சில குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு விளக்கடியில் ஒடுங்குகின்றன. பின்புறம் எச்சம் ஒட்டி அடைத்துக்கொள்கிறது. ஐந்தாம், ஆறாம் நாளில் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்குகின்றன. பண்ணையாளர் மருந்துக் கடைக்கு ஓடி ஏதாவது ஓர் ஆன்டிபயாட்டிக் வாங்கித் தண்ணீரில் கலக்கிவிடுகிறார். சில சமயம் சாவு நிற்கிறது, சில சமயம் நிற்பதில்லை. எது நடந்தாலும் காரணம் தெரியாமலே அடுத்த பேட்ச் வந்து இறங்குகிறது.

அந்தச் சாவுகளில் ஒரு பகுதி குடலில் தொற்றும் பாக்டீரியாவால் வருவது. சால்மொனெல்லா, ஈ. கோலை, கிளாஸ்ட்ரிடியம் ஆகிய மூன்றும் இதில் முக்கியமானவை. இவை குடலில் காலூன்றுவதற்கு முன்பே தடுக்கும் சேர்க்கைகள் என்னென்ன, எந்த நாளில் எதைக் கொடுப்பது, எது வீண் செலவு என்பதை இங்கே பார்ப்போம். நூறு, இருநூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வளர்ப்பவரை மனத்தில் வைத்தே அளவுகள் தரப்பட்டுள்ளன.

தாய்க்கோழி செய்வதும் இயந்திரம் செய்யாததும்

முட்டையை உடைத்து வெளிவரும் குஞ்சின் குடலில் பாக்டீரியா மிகக் குறைவு. அடைக்கோழிக்கு அடியில் பொரித்த குஞ்சு தாயின் எச்சத்தைக் கொத்தும், தாய் கிளறிய மண்ணைக் கொத்தும். சில நாட்களிலேயே வளர்ந்த கோழியின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக் கூட்டம் குஞ்சுக்கும் வந்துவிடும். பொரிப்பானில் பிறந்த குஞ்சுக்குத் தாயும் இல்லை, தாயின் எச்சமும் இல்லை. அதன் குருட்டுக்குடலில் நல்ல பாக்டீரியா முழுமையாக நிரம்ப இரண்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. அந்த இடைவெளியில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் உள்ளே போகும் சால்மொனெல்லாகூடப் பெருகிப் பரவிவிடும். அதே அளவு கிருமி ஒரு மாதக் கோழியின் குடலுக்குள் போனால் பெரும்பாலும் தங்க இடமின்றி வெளியேறிவிடும்.

கூட்டமான பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போன்றதுதான் இது. முதலில் துண்டு போட்டவருக்கே இருக்கை.

இதைச் சோதனையில் காட்டியவர்கள் பின்லாந்தைச் சேர்ந்த எஸ்கோ நூர்மியும் ரன்டாலாவும். 1971இல் அந்நாட்டு இறைச்சிக்கோழிப் பண்ணைகளில் சால்மொனெல்லா இன்ஃபான்டிஸ் என்ற வகை பரவியது. வளர்ந்த, நோயற்ற கோழியின் குடலில் இருந்து எடுத்த பொருளை ஒரு நாள் குஞ்சுகளுக்குக் கொடுத்து, பிறகு அவற்றுக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்கூட்டியே குடல் பாக்டீரியா பெற்ற குஞ்சுகளில் சால்மொனெல்லா தங்குவது வெகுவாகக் குறைந்தது. முடிவுகள் 1973இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. இன்று கடையில் விற்கும் கோழி புரோபயாட்டிக்குகள் பலவற்றுக்கும் அடிப்படை இந்தக் கருத்தே.

இதைப் படித்துவிட்டு, வீட்டுக் கோழியின் எச்சத்தைக் கரைத்துக் குஞ்சுக்குக் கொடுக்க வேண்டாம். நல்ல பாக்டீரியாவோடு ரத்தக்கழிச்சல் கிருமியும் குடற்புழு முட்டையும் சால்மொனெல்லாவும் சேர்ந்தே போகும். நூர்மி கொடுத்தது நோயற்ற கோழியிலிருந்து எடுத்தது.

எந்தக் கழிச்சலுக்கு இது உதவும்?

கழிச்சல் கண்ட குஞ்சை எல்லாம் ஒரே நோயாக நினைத்தால் பணமும் போகும், குஞ்சும் போகும்.

ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. தடுப்பூசி ஒன்றே வழி. எந்தத் தீவனச் சேர்க்கையும் அதைத் தடுக்காது.

ரத்தக்கழிச்சலுக்குக் காரணம் காக்சிடியா என்ற ஓரணு உயிரி. மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை, கூளம் ஈரமான கொட்டகையில் அதிகம் வரும். இதற்குத் தனி மருந்து உண்டு. காக்சிடியா குடல் சுவரைப் புண்ணாக்கும்போது கசியும் புரதத்தைத் தின்று கிளாஸ்ட்ரிடியம் பெருகும். ஒன்றின் பின்னே மற்றொன்று வருவதால் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

புல்லோரம் என்பது சால்மொனெல்லா வகைகளில் ஒன்று. தாய்க்கோழியின் உடலில் இருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வருவது. பிறக்கும்போதே கிருமியோடு வந்த குஞ்சை எந்தச் சேர்க்கையாலும் காப்பாற்ற முடியாது. தாய்க்கோழிகளுக்கு ரத்தச் சொட்டுப் பரிசோதனை செய்து, நோய் கண்டவற்றைக் கழித்த இடத்தில் குஞ்சு வாங்குவதே தீர்வு.

தொப்புள் ஆறாமல் வயிறு ஊதி, நாற்றத்துடன் முதல் வாரத்தில் சாகும் குஞ்சுகளில் பெரும்பாலும் ஈ. கோலை இருக்கும். அழுக்கு முட்டையை அடைவைத்ததும் பொரிப்பான் சுத்தமின்மையும் இதற்குக் காரணம். இங்கும் சேர்க்கைகளால் பெரிய பலனில்லை.

ஆரோக்கியமாக வந்த குஞ்சு, நம் கொட்டகையில் தண்ணீர், தீவனம், கூளம், எலி, ஈ, நம் செருப்பு ஆகியவற்றின் மூலம் பெறும் சால்மொனெல்லா, ஈ. கோலை, கிளாஸ்ட்ரிடியம் தொற்றுதான் சேர்க்கைகளால் குறைக்கக்கூடியது. அது சிறிய பங்கு அல்ல.

ஐந்து வகைச் சேர்க்கைகள்

1. புரோபயாட்டிக்: உயிருள்ள நல்ல பாக்டீரியா

கடையில் இரண்டு இனம் கிடைக்கும். லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ் போன்றவை ஒரு வகை. இவை குடலில் அமிலத்தைச் சுரந்து கெட்டவற்றுக்கு இடமில்லாமல் செய்கின்றன. ஆனால் வெப்பத்தையும் குளோரினையும் தாங்கா. ஆகவே குளோரின் கலக்காத குடிநீரில் கொடுக்க ஏற்றவை. பேசில்லஸ் சப்டிலிஸ் போன்றவை மறு வகை. இவை ஸ்போர் எனும் கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலையில் இருப்பதால், குச்சித் தீவன ஆலையின் சூட்டையும் கோடைக்கால மூட்டைச் சூட்டையும் தாங்கும். தீவனத்தில் கலக்க இதுவே பொருத்தம்.

பாக்கெட்டில் எத்தனை உயிருள்ள பாக்டீரியா என்ற எண் அச்சிட்டிருக்க வேண்டும். பல தயாரிப்புகளின் பரிந்துரை, ஒரு கிலோ தீவனத்துக்கு 50 கோடி முதல் 100 கோடி வரை வரும். எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத பாக்கெட்டை வாங்காதீர்கள்.

2. ஈஸ்ட் செல் சுவர்

சால்மொனெல்லாவும் ஈ. கோலையும் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்கின்றன. 1989இல் அமெரிக்க ஆய்வாளர்கள் குஞ்சுகளின் குடிநீரில் 2.5 விழுக்காடு மேனோஸ் கலந்து கொடுத்தபோது சால்மொனெல்லா தங்குவது குறைந்தது. ஆனால் தூய மேனோஸ் விலை கட்டுப்படியாகாது. ஈஸ்டின் செல் சுவரில் மேனோஸ் சங்கிலிகள் நிறைய உண்டு. மேனன் ஆலிகோசாக்கரைடு என்றும் மாஸ் என்றும் கடைகளில் விற்பது அதுதான். குடல் சுவர் என்று எண்ணிக் கிருமி இதைப் பிடித்துக்கொள்கிறது, எச்சத்தோடு வெளியே போய்விடுகிறது. வழக்கமான அளவு ஒரு டன் தீவனத்துக்கு 1 முதல் 2 கிலோ. அதாவது ஒரு கிலோ தீவனத்துக்கு 1 முதல் 2 கிராம். உயிரற்ற பொருள் என்பதால் சூட்டிலும் கெடாது. ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாளிலும் இதை நிறுத்த வேண்டியதில்லை.

3. கரிம அமிலங்கள்

ஃபார்மிக், புரோபியோனிக், லாக்டிக், பியூட்டிரிக் அமிலங்கள் இந்த வகை. அமிலச் சூழலில் இவற்றின் மூலக்கூறு பிளவுபடாமல் பாக்டீரியாவின் உள்ளே நுழைந்துவிடுகிறது. உள்ளே போனதும் பிளந்து அமிலத்தைக் கக்குகிறது. அதை வெளியே தள்ளுவதற்கே கிருமியின் சக்தியெல்லாம் தீர்ந்துபோகிறது. தீனிப்பையிலும் அரைவைப்பையிலும் இந்த வேலை நன்றாக நடக்கும். அதற்குக் கீழே குடலில் அமிலத்தன்மை குறைந்துவிடுவதால் வேகம் மங்கும். அதனால்தான் பியூட்டிரிக் அமிலத்தைக் கொழுப்பு உறையில் பொதிந்து விற்கிறார்கள். அது குடலின் பின்பகுதி வரை போய்க் கரைகிறது, குடல் சுவர்ச் செல்களுக்கு உணவாகிறது, சால்மொனெல்லா அந்தச் சுவரைத் துளைத்து நுழையும் திறனையும் அடக்குகிறது.

அமிலத்தைக் குடிநீரில் கொடுப்பவர்கள் பி.எச். தாள் வைத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கொங்குப் பகுதியில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் கடினமானது. அட்டையில் போட்ட அளவு அமிலத்தை ஊற்றினாலும் அந்த நீர் அதை விழுங்கிவிடும். பி.எச். 5க்கு அருகில் இருந்தால் போதும். 4க்குக் கீழே இறங்கினால் குஞ்சு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஃபார்மிக் அமிலம் தோலைச் சுடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

4. மோர்

கிராமத்தில் குஞ்சுக்கு மோர் வைக்கும் வழக்கத்துக்கு நியாயம் உண்டு. பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி கோழியிடம் இல்லை. அது செரிக்காமல் குருட்டுக்குடல் வரை போய், அங்குள்ள நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகி அமிலமாக மாறுகிறது. லாக்டோஸையும் குடல் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொடுத்தால் சால்மொனெல்லா மேலும் குறைகிறது என்பதும் ஆய்வில் காட்டப்பட்டதே.

அதற்காக மோர் புரோபயாட்டிக்குக்கு மாற்று ஆகாது. தயிரின் பாக்டீரியா கோழியின் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை. ஒரு பங்கு மோருக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்து, காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வைத்து எடுத்துவிடுங்கள். உப்பு கூடவே கூடாது. உப்பு மிகுந்தால் குஞ்சு செத்துப்போகும். அதிகமானால் லாக்டோஸே கழிச்சலைக் கிளப்பும். துத்தநாகம் பூசிய தகரக் குடிகலனில் மோரையோ அமில நீரையோ ஊற்றக் கூடாது. பூச்சு கரைந்து நஞ்சாகும். பிளாஸ்டிக் குடிகலனே நல்லது.

5. மூலிகைகள்

பூண்டு, மஞ்சள், சின்ன வெங்காயம், ஓமம் ஆகியவற்றில் பாக்டீரியாவை அடக்கும் பொருள்கள் உண்டு. ஓமத்தில் உள்ள தைமால்தான் வெளிநாட்டு மூலிகைத் தீவனச் சேர்க்கைகள் பலவற்றிலும் இருப்பது. ஆனால் நாம் அரைத்துப் போடும் மூலிகையில் அந்தப் பொருள் எவ்வளவு என்பது ஊருக்கு ஊர், அறுவடைக்கு அறுவடை மாறும். ஒரு கிலோ தீவனத்துக்கு 5 கிராம் மஞ்சள்தூள், அன்றன்று அரைத்த சிறிது பூண்டு என்று துணைக்குக் கொடுக்கலாம். தொற்று கண்ட பிறகு இவற்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

நாள்வாரித் திட்டம்

இறக்கிய நாள்: குஞ்சு வருவதற்கு ஒரு நாள் முன்பே புரூடரைச் சூடாக்கி வையுங்கள். குஞ்சு மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். குளிர்ந்த குஞ்சு தின்னாது, தின்னாத குஞ்சுக்குக் கொடுத்த சேர்க்கை பயன்படாது. முதல் தண்ணீரிலேயே புரோபயாட்டிக் கலந்திருக்க வேண்டும். தீவனமும் உடனே வையுங்கள். வயிற்றில் மிச்சமுள்ள மஞ்சள் கருவை நம்பி அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள். தீனி உள்ளே போனால்தான் அந்தக் கருவும் வேகமாகக் கரையும், குடலும் வளரும்.

1 முதல் 3ஆம் நாள்: காலைத் தண்ணீரில் புரோபயாட்டிக். குளோரின் கலக்காத, கொதிக்க வைத்து ஆற்றிய நீராக இருக்கட்டும். நான்கு மணி நேரத்தில் குடித்து முடிக்கும் அளவே கலக்க வேண்டும். பிற்பகலில் அதே சுத்தமான நீர் மட்டும்.

4 முதல் 14ஆம் நாள்: தீவனத்தில் ஸ்போர் வகைப் புரோபயாட்டிக்கும் ஈஸ்ட் செல் சுவரும். ஏழாம் நாளையொட்டி ராணிக்கெட் தடுப்பூசி. தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் வைட்டமின் ஏ, டி3, ஈ கலந்த கரைசல். வைட்டமின் ஏ குறைந்தால் குடல் சுவரின் மேல்தோல் கெடும் என்பதால் இதுவும் குடலுக்கான காவலே. இரண்டாம் வாரம் முதல் வாரத்தில் இரண்டு நாள் அமில நீர் தரலாம். புரோபயாட்டிக் கலந்த தண்ணீரில் அமிலத்தை ஊற்றாதீர்கள். தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுப்பதானால் அந்த நாளில் அமிலமும் குளோரினும் வேண்டாம்.

15 முதல் 28ஆம் நாள்: ஈஸ்ட் செல் சுவர் தொடரட்டும். வசதியுள்ளவர்கள் உறையிட்ட பியூட்டிரிக் அமிலம் சேர்க்கலாம். கூளத்தைத் தினமும் கிளறி, ஈரமான இடத்தை அள்ளிப்போட்டுப் புது உமி பரப்புங்கள். தீவனத்தை மாற்றுவதானால் பழையதையும் புதியதையும் கலந்து ஐந்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். சட்டென்று மாற்றுவதும் மீன் தூளை அதிகமாகப் போடுவதும் கிளாஸ்ட்ரிடியத்துக்கு விருந்து வைப்பதாகும். கருவாட்டுத் தூள் சால்மொனெல்லாவைக் கொண்டுவரும் வழியாகவும் இருப்பதால் இந்த வயதில் அதைத் தவிர்ப்பது மேல்.

கலக்கும் முறை

நூறு நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு கிலோ தீவனமும் இரண்டு லிட்டர் தண்ணீரும் செலவாகும். கோடையில் தண்ணீர் கூடும். நான்கு வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மூட்டைத் தீவனம். ஆகவே ஒரு கிலோ ஈஸ்ட் செல் சுவர்ப் பாக்கெட் வாங்கினால் பெரும்பகுதி மிஞ்சிவிடும். அக்கம்பக்கத்துப் பண்ணையாளர் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வதே சிக்கனம்.

50 கிலோ மூட்டையில் 50 கிராம் பொடியை நேராகக் கொட்டிக் கிளறினால் சில குஞ்சுக்கு நிறையப் போகும், சிலவற்றுக்கு ஒன்றும் போகாது. இப்படிச் செய்யுங்கள்:

1. 50 கிராம் பொடியை ஒரு கிலோ மக்காச்சோள மாவில் நன்றாகக் கலக்கவும்.
2. அந்தக் கலவையை ஐந்து கிலோ தீவனத்தில் கலக்கவும்.
3. அதை மீதித் தீவனத்தின் மேல் தூவி, மூன்று முறை மண்வெட்டியால் புரட்டவும்.

உயிருள்ள புரோபயாட்டிக் சேர்த்த தீவனத்தை ஒரு வாரத்துக்கு மட்டுமே கலந்து வையுங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் அஃப்லாடாக்சின் நஞ்சைச் சுமந்து வந்து நோய் எதிர்ப்பைக் குலைக்கும். அப்படிப்பட்ட தீவனத்தில் எந்தச் சேர்க்கையைப் போட்டாலும் பலனில்லை.

முதல் மூன்று நாளுக்குப் பிறகு குடிநீரைச் சுத்திகரிக்க 1,000 லிட்டருக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். முந்தின நாள் மாலையே கலந்து மறுநாள் காலை கொடுங்கள். குடிகலனை நாள்தோறும் தேய்த்துக் கழுவுங்கள். உள்சுவரில் படியும் வழுவழுப்புதான் கிருமிகளின் கூடாரம்.

ஆன்டிபயாட்டிக்கை எங்கே வைப்பது?

நோய் வருமுன்னே 'பாதுகாப்புக்கு' என்று முதல் மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது கெட்டதோடு நல்லதையும் கொன்று, குடலை மறுபடி காலியாக்கிவிடுகிறது. மருந்து நின்ற மறுநாள் குஞ்சு இன்னும் எளிதாகத் தொற்றுக்கு ஆளாகும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி, அவை மனிதர்களுக்கும் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் சேர்ப்பதை 2006 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்தது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கோழி, கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா 2019இல் தடை விதித்தது.

நோய் உறுதியானால் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுங்கள். அந்த நாட்களில் புரோபயாட்டிக்கை நிறுத்திவையுங்கள். மருந்து முடிந்த மறுநாளிலிருந்து ஐந்து நாள் மீண்டும் கொடுங்கள்.

பலனை அளப்பது எப்படி?

ஒரு நோட்டில் ஒவ்வொரு பேட்சுக்கும் மூன்று கணக்கு எழுதுங்கள்: முதல் ஏழு நாளில் செத்தவை எத்தனை, பின்புறம் எச்சம் ஒட்டியவை எத்தனை, ஏழாம் நாளிலும் இருபத்தெட்டாம் நாளிலும் பத்துக் குஞ்சின் சராசரி எடை என்ன. நல்ல குஞ்சும் நல்ல பராமரிப்பும் அமைந்தால் முதல் வாரச் சாவு நூற்றுக்கு ஒன்று, இரண்டுக்கு மேல் போகாது. ஒரு சமயத்தில் ஒரு சேர்க்கையை மட்டும் மாற்றிப் பாருங்கள். நான்கு பொருளை ஒன்றாகக் கலந்துவிட்டு எது வேலை செய்தது என்று தேடினால் கிடைக்காது.

ஒரே நாளில் நூற்றுக்கு இரண்டு குஞ்சு செத்தாலோ, எச்சத்தில் ரத்தம் கண்டாலோ, மூட்டு வீங்கி நொண்டினாலோ சேர்க்கைகளை நம்பிக் காத்திருக்காதீர்கள். அப்போது செத்த குஞ்சைப் பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்த பெட்டியில் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ, நாமக்கல்லில் உள்ளது போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றே எடுத்துச் செல்லுங்கள். பிரேதப் பரிசோதனை ஒன்று பல புட்டி மருந்தின் செலவை மிச்சப்படுத்தும். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மொனெல்லா குழந்தைகளுக்கும் வரும்.

கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள்: பரிசோதித்த தாய்க்கோழிகளின் குஞ்சு, சரியான சூடு, சுத்தமான தண்ணீர், காய்ந்த கூளம், தடுப்பூசி. இந்த ஐந்தும் முடிந்த பிறகு மிஞ்சும் பணத்தில், முதல் நாள் தண்ணீருக்கான புரோபயாட்டிக்கை வாங்குங்கள். இன்னும் மிஞ்சினால் ஈஸ்ட் செல் சுவர். முதல் ஐந்தில் ஒன்று குறைந்தாலும் கடையின் விலையுயர்ந்த பாக்கெட் உங்கள் குஞ்சைக் காப்பாற்றாது.